காணாமை பிரமாணமாகுமா?

ஆகாய விமானம் ஒன்று சமுத்திரத்தின் மேல் பறந்துகொண்டிருக்கையில் மறைந்துபோய், கப்பல்களும் வேறு விமானங்களும் பல நாள் தேடியும் அதன் உடைவுகளில் ஒன்றுகூட அலைமேல் மிதக்கக் காணவில்லையென்றால், அது கடலில் விழவே இல்லை என்று முடிவு கட்டிவிடுவது, படித்தவர் படியாதவர் என்ற பேதமின்றி நம்மவர் எல்லோரிடமும் வேரூன்றிப்போன ஓர் அபிப்பிராயம். 'விழுந்திருந்தால் ஒரு பெட்டியாவது, ஒரு பலகையாவது, ஒரு செருப்பாவது மிதந்து வந்திருக்காதா?' என்று கேட்கிறார்கள். கேட்ட மாத்திரத்தில் கேள்வியே விடையாகிவிட்டது போன்ற திருப்தியுடன் எழுந்து போய்விடுகிறார்கள். பொது அறிவின் கம்பீரத்தோடு உலவும் இந்த வாதம் அடிமுதல் நுனிவரை பிழையானது என்பதும், அதைப் பற்றிக்கொண்டிருந்த காரணத்தால் நாம் கேட்டிருக்க வேண்டிய வேறொரு கேள்வியை ஏழரை ஆண்டுக் காலம் கேட்காமலே விட்டுவிட்டோம் என்பதும் என் கட்சி.

2016ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் தேதி காலை எட்டரை மணியளவில், இந்திய விமானப் படையைச் சேர்ந்த ஏஎன்-32 ரகப் போக்குவரத்து விமானம் ஒன்று, கே-2743 என்ற எண்ணைத் தாங்கியது, தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் புறப்பட்டது. அதில் இருந்தவர்கள் 29 பேர். அவர்களுள் எண்மர் விசாகப்பட்டினத்துக் கடற்படை ஆயுதக் கிடங்கின் சிவிலியன் ஊழியர்கள். 23,000 அடி உயரத்தில் சென்றுகொண்டிருந்த விமானம், ஒன்பது மணி கடந்த சில நிமிஷங்களில், இடப்புறம் திரும்பி வெகுவேகமாக உயரம் இழந்ததை ராடார் காட்டியது. அதன்பின் ஒன்றும் காட்டவில்லை. கடற்படையின் கப்பல்களும் கடலோரக் காவற்படையின் கப்பல்களும் விமானங்களும் வாரக்கணக்கில் தேடின. தேசிய சமுத்திரத் தொழில்நுட்ப நிறுவனத்தின் 'சாகர் நிதி'யும் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் 'சமுத்ர ரத்னாகர்' கப்பலும் கடலடியைத் துழாவின. ஒன்றும் அகப்படவில்லை. செப்டம்பர் மாதத்தில் அந்த 29 பேரும் இறந்தவர்களாகக் கருதப்பட்டனர்.

எங்கள் பங்காருபாளையம் கடலுக்கு வெகு தூரத்தில், மொகிலி மலைப்பாதையின் அடிவாரத்தில், சென்னையிலிருந்து பெங்களூர் போகும் நெடுஞ்சாலையின்மேல் இருக்கும் ஊர். ஜூலை மாதம் இங்கே தோத்தாபுரி மாங்காய் வந்து குவியும் காலம். விவசாயிகளும் தரகர்களும் லாரி டிரைவர்களும் தமிழையும் தெலுங்கையும் கலந்து பேசும் மண்டியில், அந்த ஆண்டு மாங்காய் விலைக்கு அடுத்தபடியாக அலசப்பட்ட விஷயம் அந்த விமானந்தான். மிதந்து எதுவும் வரவில்லை, ஆகவே விமானத்தை யாரோ கடத்திக்கொண்டு போய் எங்கேயோ ஒரு தீவில் இறக்கியிருக்கிறார்கள் என்ற தீர்ப்பு முதல் வாரத்திலேயே வழங்கப்பட்டுவிட்டது. உறவினரைப் பறிகொடுத்த குடும்பங்கள் அப்படி நம்பியதில் ஆச்சரியம் இல்லை. நம்பாமல் இருக்க அவர்களால் முடிந்திருக்காது. அவர்களோடு எனக்கு வழக்கும் இல்லை. ஆனால் யாதொரு இழப்பும் இல்லாமல், சௌகரியமாக உட்கார்ந்துகொண்டு அந்த நம்பிக்கைக்குத் தர்க்கத்தின் வேஷம் போட்டுக் கொடுத்தவர்களோடு வழக்கு உண்டு.

நம் தேசத்துத் தர்க்க சாஸ்திரிகள் இந்த வழக்கைக் கடற்கரைக்குப் போகாமலே தீர்த்துவைத்திருக்கிறார்கள். குமாரில பட்டரின் வழிவந்த மீமாம்சகர்களும் அத்வைத வேதாந்திகளும் காணாமையையும் ஒரு பிரமாணமாக ஏற்றுக்கொண்டவர்கள். அனுபலப்தி என்று அதற்குப் பெயர். மணிமேகலையில் பிரமாணங்களை எண்ணிச் சொல்லும் இடத்திலும் அபாவத்துக்கு ஓர் ஆசனம் உண்டு. ஆனால் அவர்கள் அதற்கு ஒரு கடுமையான நிபந்தனை விதித்தார்கள்: இருந்திருந்தால் கண்ணுக்குப் பட்டே தீரும் என்று சொல்லத்தக்க பொருளையே, பட்டே தீரும் என்று சொல்லத்தக்க நிலைமையில் காணாதபோதுதான், அது இல்லை என்று சாதிக்கலாம். விளக்கெரியும் அறையில் குடத்தைக் காணோமென்றால் குடம் அங்கே இல்லை. இருட்டறையில் காணோமென்றால் அது குடத்தைப் பற்றி நமக்கு ஒன்றும் சொல்லவில்லை, இருட்டைப் பற்றித்தான் சொல்லுகிறது. ஆகவே 'மிதக்கக் காணோம்' என்பவர்கள் முதலில் நிரூபிக்க வேண்டியது, அந்த விமானத்தின் உடைவுகள் மிதக்கக்கூடியவை என்பதையும், மிதந்தவை பார்வைக்கு அகப்பட்டே தீரும் என்பதையும், அகப்படாவிட்டாலும் நம் கரைக்காவது வந்தே தீரும் என்பதையுமே. இவற்றில் ஒன்றைக்கூட அவர்கள் நிரூபித்ததில்லை. நிரூபிக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியதும் இல்லை.

மிதப்பதைப் பற்றி முதலில் பார்ப்போம். மரக்கலங்களைப் பற்றி வழிவழியாகக் கேட்ட கதைகளிலிருந்தே கடல் விபத்தைப் பற்றிய நம் கற்பனை உண்டாகியிருக்கிறது. மரக்கலம் உடைந்தால் பாய்மரமும் பலகையும் மிதக்கும், அதைப் பற்றிக்கொண்டு கதாநாயகன் கரையேறுவான். விமானம் மரக்கலம் அல்ல. அதன் உடலும் இறக்கையும் பெரும்பாலும் அலுமினியக் கலப்பு உலோகம். அந்த உலோகத்தின் எடை சம அளவு தண்ணீரின் எடையைப்போல் ஏறத்தாழ 2.7 மடங்கு. கடல் நீர் உப்பின் காரணமாக நன்னீரைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்கே கனமானது. அந்தச் சிறு உதவியால் உலோகத் தகடு எதுவும் மிதந்துவிடாது. தகடு மூழ்கும், எஞ்சின் மூழ்கும், சக்கரத்தின் இரும்புக் கால்கள் மூழ்கும். விமானத்தில் மிதக்கத்தக்கவை காற்றைத் தமக்குள் சிறைப்பிடித்து வைத்திருக்கும் பொருள்களே: இருக்கைப் பஞ்சணைகள், உயிர்காப்புச் சட்டைகள், பயணிகளின் பெட்டிகள், காற்றடைத்த டயர், இவற்றுக்கெல்லாம் மேலாக, இரண்டு மெல்லிய தகடுகளுக்கு நடுவே தேன்கூட்டைப் போன்ற அறைகள் வைத்து ஒட்டிய கலப்புப் பலகைகள். இக்காலத்துப் பெரிய ஜெட் விமானங்களில் இறக்கையின் பின்விளிம்புகள், வால் பகுதியின் சில பாகங்கள், தளப் பலகைகள் என இத்தகைய தேன்கூட்டுப் பலகைகள் பல இடங்களில் உண்டு.

ஏஎன்-32 அத்தகைய விமானம் அல்ல. சோவியத் நாட்டில் கீவ் நகரத்து அந்தோனோவ் நிறுவனம் வடிவமைத்து, 1976இல் முதன்முதலாகப் பறந்து, 1984 முதல் நம் விமானப் படையில் சேர்க்கப்பட்ட, சாமான் ஏற்றுவதற்கென்றே உண்டான உலோகப் பிராணி அது. அதில் வரிசை வரிசையாகப் பஞ்சணை ஆசனங்கள் இல்லை. பக்கச் சுவர்களை ஒட்டி மடக்கி வைக்கும் இருக்கைகளே உண்டு. அப்படிப்பட்ட விமானம் இருபத்து மூவாயிரம் அடியிலிருந்து தலைகுப்புறப் பாய்ந்து தண்ணீரில் மோதினால் நேர்வது வேறு. கட்டுப்பாட்டோடு மெல்ல இறங்கினால் நேர்வது வேறு. அத்தனை வேகத்தில் வரும் பொருளுக்கு வழிவிட்டு விலக நீருக்கு அவகாசம் இராது. பாறையில் மோதியது போலவே உலோகம் நொறுங்கும். நொறுங்கிய உலோகம் உடனே அமிழும். அதனுள் சிக்கிய இலகுவான பொருள்களில் பலவற்றையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும்.

எதிர்க் கட்சியார் இங்கே கனிஷ்காவை உதாரணம் காட்டுவதுண்டு. 1985 ஜூன் 23ஆம் தேதி அயர்லாந்துக் கரைக்கு அப்பால் ஏர் இந்தியா 182 விமானம் விழுந்தபோது 329 பேர் மாண்டனர்; கடல்மேல் உடைவுகள் பரவிக் கிடந்தன, நூற்று முப்பதுக்குச் சற்று மேற்பட்ட உடல்களும் கிடைத்தன; அங்கே மிதந்தது இங்கே ஏன் மிதக்கவில்லை என்கிறார்கள். அந்த விமானம் சுமார் 31,000 அடி உயரத்தில் வெடிகுண்டினால் ஆகாயத்திலேயே பிளவுபட்டது. அதன் உள்ளே இருந்தவை கடலைத் தொடுமுன்னரே வெளியே சிதறிவிட்டன. அது முந்நூறுக்கு மேற்பட்டோரை அவர்களுடைய பெட்டி படுக்கையோடு சுமந்து சென்ற பிரம்மாண்டமான போயிங் 747. கப்பல்கள் பல நடமாடும் கடல்வழிக்கு அருகில் விழுந்ததால் சில மணி நேரத்துக்குள்ளேயே ஆட்கள் போய்ச் சேர்ந்தார்கள். இத்தனை வேறுபாடுகளையும் ஒதுக்கிவிட்டு 'அதுவும் விமானம், இதுவும் விமானம்' என்று சொல்லுவது உவமை ஆகாது. அந்தக் கனிஷ்காவிலுங்கூடக் கனமான பாகங்கள் அத்தனையும் ஏறத்தாழ 2,000 மீட்டர் ஆழத்துக்கு இறங்கிவிட்டன என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

கே-2743இலிருந்து எதுவுமே மிதந்திராது என்று நான் சாதிக்க வரவில்லை. ஒரு துணிப் பை, ஒரு பஞ்சுத் துண்டு, ஒரு பிளாஸ்டிக் புட்டி மிதந்தே இருக்கும். அவற்றைக் காண முடிந்ததா என்பதுதான் அடுத்த விசாரணை.

ஜூலை மாதத்து வங்காள விரிகுடாவைச் சென்னைக் கடற்கரையில் நின்று பார்த்தவர்கள் பார்த்ததாகச் சொல்லிக்கொள்ள வேண்டாம். தென்மேற்குப் பருவக்காற்று வலுத்து வீசும் அக்காலத்தில், கரையிலிருந்து நூற்றைம்பது கடல் மைல் தொலைவில், மேகம் தாழ்ந்து மழை மறைத்து நிற்க, அலைதோறும் வெண்ணுரை தலைகாட்டும். ஒவ்வொரு நுரையும் ஒரு வெள்ளைத் துணியைப் போலிருக்கும். மேலே பறக்கிறவன் கண்ணுக்கு முழம் அகலமான பொருள் அதில் தெரிவது அதிருஷ்டத்தின் பாற்பட்டது. கடல் நிலைத்து நிற்பதும் இல்லை. மிதக்கும் பொருளை மேற்பரப்பு நீரோட்டம் ஒரு பக்கம் இழுக்கும். அலைகள் தாம் செல்லும் திசையில் அடிமேல் அடியாகத் தள்ளும். நீருக்கு மேலே தலைநீட்டிய அளவுக்குக் காற்றும் பாய்மரத்தைத் தள்ளுவதுபோல் தள்ளும். எண்ணெய்ப் படலத்தைக் கணக்கிடுவோர் காற்றின் வேகத்தில் நூற்றுக்கு மூன்று பங்கு என்று ஒரு மோட்டா விதி வைத்திருக்கிறார்கள். வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் காற்று வீசினால் அந்த விதிப்படி மிதவை நாளொன்றுக்கு சுமார் 26 கிலோமீட்டர் நகரும். அதே இடத்தில் விழுந்து, நீர்மட்டத்தோடு அமிழ்ந்து மிதக்கும் மற்றொரு துண்டு காற்றுக்குப் பிடிகொடாமல் நீரோட்டத்தோடு மட்டும் போகும். பத்து நாளில் அவ்விரண்டுக்கும் இடையே 260 கிலோமீட்டர் இடைவெளி விழலாம். ஹைதராபாத்தில் இருக்கும் இந்தியக் கடல் தகவல் சேவை மையம், காணாமற்போன படகுகளைத் தேடுவதற்காக வகுத்திருக்கும் 'சராத்' என்னும் கணிப்பு முறையும் ஒரு புள்ளியைச் சுட்டிக்காட்டுவதில்லை. சாத்தியமான ஒரு பிரதேசத்தையே காட்டுகிறது. நாளாக ஆக அந்தப் பிரதேசம் விரிந்துகொண்டே போகிறது. முதல் இரண்டு மூன்று நாள் தப்பிவிட்டால், பிறகு ஆயிரம் கப்பல் வந்தாலும் தேடுகிறோம் என்று சொல்லிக்கொள்ளலாமேயொழிய, காணவில்லை என்பதிலிருந்து எதையும் ஊகிக்க முடியாது.

'சரி, கண்ணில் படவில்லை. கரையிலாவது ஒதுங்கியிருக்க வேண்டாமா?' என்பது மூன்றாவது ஆட்சேபம். எந்தக் கரையில்? நீரோட்டம் திசை மாறுவதை வன்னி என்றும் தெண்டி என்றும் தனித்தனியே பெயரிட்டு வழங்கும் சென்னைக் கடற்கரை மீனவர்களிடம் போய், கடலில் விட்ட பொருளெல்லாம் விட்டவன் காலடிக்கே திரும்பி வரும் என்று யாராவது சொல்லிப் பார்க்கட்டும். நம் கிழக்குக் கரையோர நீரோட்டம் ஆண்டில் சில மாதம் வடக்கு நோக்கியும், ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய மாதங்களில் தெற்கு நோக்கியும் போகும் விசித்திரத்தைக் கடலாராய்ச்சியாளர் விவரித்திருக்கிறார்கள். ஜூலையில் வீசும் தென்மேற்குக் காற்றோ கரையிலிருந்து பொருளை வெளியே, வடகிழக்காகத் தள்ளுவது. நடுக்கடலில் மிதந்த ஒரு துண்டு அந்தக் காற்றோடு போனால் அந்தமானுக்கோ பர்மாவுக்கோ போகுமே தவிர, மாமல்லபுரத்துக்கு வந்து சேர அதற்கு ஒரு நியாயமும் இல்லை.

கரையில் ஒதுங்குவதும் காற்றின் தயவு. 2022 மே மாதம் 'அசானி' புயல் வந்தபோது ஸ்ரீகாகுளம் மாவட்டத்துச் சுன்னப்பள்ளிக் கரையில் பொன்வண்ணம் பூசிய தேர் போன்ற மிதவை ஒன்று வந்து ஒதுங்கியது. ஆந்திர தேசம் முழுவதும் அதைப் பற்றியே பேசியது. அது கிழக்கே, விரிகுடாவின் மறுகரை நாடுகளிலிருந்து வந்திருக்க வேண்டும் என்றே அதன் அமைப்பைக் கண்டவர்கள் கருதினார்கள். புயல் அதைத் தள்ளிக்கொண்டு வந்தது. தேரைக் கொண்டுவந்து நிறுத்திய கடல் விமானத்தையும் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள், மே மாதத்துப் புயலும் ஜூலை மாதத்துப் பருவக்காற்றும் எதிரெதிர்த் திசைகளில் ஊழியம் செய்பவை என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இதைவிடத் தெளிவான நிரூபணம் இந்து மகா சமுத்திரத்திலேயே நடந்திருக்கிறது. 2014 மார்ச் 8ஆம் தேதி 239 பேரோடு மறைந்த மலேசிய விமானம் எம்எச்370ஐ முதலில் தென்சீனக் கடலில் தேடினார்கள். தெற்கு இந்து மகா சமுத்திரத்தில் மேற்பரப்புத் தேடல் தொடங்கியதே பத்து நாள் கழித்துத்தான். செயற்கைக்கோள் படங்களில் தெரிந்த பொருள்களை நாடி ஓடியவர்களுக்கு அகப்பட்டவை மீன்பிடிச் சாமான்களும் கடற்குப்பையுமே. 52 நாள் தேடியும் விமானத்தின் ஓர் அணுவும் கிட்டவில்லை. பின்னர் நம் மண்டியில் கேட்ட அதே வாதம் அன்று உலகமெங்கும் கேட்டது: மிதக்கவில்லை, ஆகவே விழவில்லை. 2015 ஜூலை 29ஆம் தேதி, ஏறத்தாழ பதினேழு மாதத்துக்குப் பின், ஆப்பிரிக்காவுக்கு அருகே ரீயூனியன் தீவின் கரையில், கொட்டலசு என்னும் ஒட்டுயிர்கள் மொய்த்த ஓர் இறக்கைப் பாகம், ஃபிளாப்பரான் எனப்படுவது, கிடந்தது. பிறகு மொசாம்பிக், தென்னாப்பிரிக்கா, தான்சானியா, மொரிஷியஸ் எனத் துண்டுகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டின. கிடைத்தவற்றில் பெரும்பாலானவை மேலே சொன்ன தேன்கூட்டுப் பலகைகளே என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். ஐம்பத்திரண்டு நாளும் அவை கடல்மேல்தான் மிதந்துகொண்டிருந்தன. காணாதவர்கள் கண் திறந்துதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இத்தனையும் கேட்ட பிறகு நம்மவர் மறுகோடிக்குத் தாவிவிடுகிறார்கள். ஒதுங்கிய துண்டைக் கொண்டு விழுந்த இடத்தை அப்படியே பின்னோக்கிக் கணக்கிட்டுவிடலாமே, விஞ்ஞானம் இத்தனை வளர்ந்த பிறகு அதுகூட முடியாதா என்கிறார்கள். முடியாது, சந்தேகத்துக்கு இடமான ஒரு பிரதேசத்தைச் சுருக்கலாம், அவ்வளவே. ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆராய்ச்சியாளர்கள் முதலில் மாதிரிப் பலகைகள் செய்து மிதக்கவிட்டார்கள். பிறகு உண்மையான போயிங் 777 ஃபிளாப்பரான் ஒன்றை வரவழைத்து, ரீயூனியனில் கிடைத்ததைப் போலவே வெட்டி, டாஸ்மேனியக் கடலில் விட்டுப் பார்த்தார்கள். அது காற்றின் திசைக்குச் சுமார் 20 டிகிரி இடப்புறம் விலகியும், மாதிரிகளைவிட வினாடிக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் அதிகமாகவும் ஓடியது. பத்து சென்டிமீட்டர் என்றால் ஒரு சாண் நீளங்கூட இல்லை. ஒரு நாளுக்கு அது எட்டரைக் கிலோமீட்டருக்கு மேல், நானூறு நாளுக்கு மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஒரு பலகை எப்படி உடைந்தது என்பதில் கடைசிக் கணக்கு இவ்வளவு புரளுமானால், உடைந்த விதமே தெரியாத பொருளைப் பற்றி யார் என்ன ஜோசியம் சொல்லுவது?

ஏர் பிரான்ஸ் 447இன் கதை இன்னும் உறைப்பானது. 2009 ஜூன் 1ஆம் தேதி அட்லாண்டிக்கில் விழுந்து 228 பேர் மாண்ட அந்த விமானத்தின் வால் உட்படப் பல உடைவுகள் சில நாளிலேயே கிடைத்துவிட்டன. அவற்றைக் கொண்டு நிபுணர்கள் பின்னோக்கிக் கணக்கிட்ட பிரதேசத்தில் 2010இல் தேடி ஏமாந்தார்கள். 2011 ஏப்ரலில் அது அகப்பட்டது, ஏறத்தாழ 3,900 மீட்டர் ஆழத்தில், கடைசியாகத் தெரிந்த இடத்திலிருந்து ஆறரைக் கடல் மைல் தொலைவிலேயே. எங்கள் பக்கத்து உதாரணமும் ஒன்று உண்டு. இப்போது திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்ததாகிவிட்ட ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய பிஎஸ்எல்வி ராக்கெட்டின் மூன்றாம் கட்டம் என்று பின்னர் கருதப்பட்ட ஒரு செம்புநிற உருளை, 2023 ஜூலையில் மேற்கு ஆஸ்திரேலியாவின் கிரீன் ஹெட் கரையில் ஒட்டுயிர் மூடிக் கிடந்தது. எம்எச்370இன் பாகமோ என்று முதலில் பலர் ஊகித்தார்கள். விமானமும் அன்று, மலேசியாவுடையதும் அன்று. கரையில் கிடக்கும் பொருள், தான் கிடந்த கரையைத் தவிர வேறெதையும் தானாகச் சொல்லுவதில்லை.

இனி நம் விமானத்துக்கு வருவோம். 2024 ஜனவரி 12ஆம் தேதி பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தது: பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய சமுத்திரத் தொழில்நுட்ப நிறுவனம், ஆளில்லாமல் தானே நீந்தும் நீர்மூழ்கிக் கலத்தை விமானம் கடைசியாகத் தெரிந்த இடத்துக்கு அனுப்பி, சென்னைக் கரையிலிருந்து ஏறத்தாழ 140 கடல் மைல் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் கிடந்த உடைவுகளைப் படம் பிடித்தது, படங்களைப் பரிசோதித்ததில் அவை ஏஎன்-32க்குப் பொருந்துகின்றன, அந்தப் பகுதியில் வேறெந்த விமானமும் காணாமற்போனதாகப் பதிவு இல்லை. 'ஏழரை ஆண்டு கழித்துச் சொல்லுகிறார்களே, எப்படி நம்புவது' என்று இன்னும் சிலர் முனகுகிறார்கள். ராடார் காட்டிய திசையிலேயே, ராடாரில் மறைந்த இடத்துக்கு அருகிலேயே கிடந்ததை நம்ப மறுத்து, யாதொரு சாட்சியும் இல்லாத தீவை நம்புவது அவர்கள் விருப்பம்.

நாம் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை, இந்த விமானம் மறைந்ததற்கு முந்தைய ஆண்டே கடல் எடுத்துக் கொடுத்திருந்தது. 2015 ஜூன் 8ஆம் தேதி கடலோரக் காவற்படையின் டோர்னியர் விமானம் ஒன்று மூவரோடு சிதம்பரத்தை அடுத்த கடலில் மறைந்தது. அதிலிருந்த ஒலிக்கருவி நீருக்கடியில் விட்டுவிட்டு எழுப்பிய ஓசையை 'சிந்துத்வஜ்' நீர்மூழ்கிக் கப்பல் கேட்டது. ஏறத்தாழ ஒரு மாதத்துக்குள் பிச்சாவரத்துக்கு அப்பால், சுமார் ஆயிரம் மீட்டர் ஆழத்தில், விமானமும் அதன் பதிவுக் கருவியும் கிடைத்துவிட்டன. கே-2743இல் அத்தகைய நீரடி ஒலிக்கருவி இருக்கவில்லை. அதிலிருந்த அபாய அறிவிப்புக் கருவிகள் தண்ணீருக்கு அடியிலிருந்து செய்தி அனுப்பும் சக்தியற்றவை. மூவாயிரத்து நானூறு மீட்டர் ஆழத்தில் ஓசை கேட்பது எளிதல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். கேட்கும் கருவியையும் ஆழத்தில் இறக்கித் தேட வேண்டும், பாட்டரியும் சில வாரங்களே தாங்கும். ஆனாலும் கேட்பதற்கு ஏதாவது இருந்திருக்கும். பயணிகள் விமானங்களுக்கு இதைச் சர்வதேச விதி கட்டாயமாக்கியிருக்கையில், வாராவாரம் கடல் கடந்து அந்தமானுக்குப் போய்வரும் படை விமானத்தில் அது ஏன் இல்லை? செருப்பு மிதக்காததைப் பற்றி விவாதித்த நேரத்தில் பத்தில் ஒரு பங்கை இதற்குச் செலவிட்டிருந்தால், பதில் சொல்ல வேண்டியவர்கள் சொல்லியே தீர வேண்டியிருந்திருக்கும். கடலின்மேல் பறக்கும் நம் படை விமானங்களில் இன்று எத்தனையில் நீரடி ஒலிக்கருவி பொருத்தப்பட்டிருக்கிறது, எத்தனையில் இல்லை என்பதைப் பாதுகாப்பு அமைச்சகம் பாராளுமன்றத்தில் எண்ணிக்கையோடு சொல்ல வேண்டும். சித்தூர், திருப்பதித் தொகுதிகளின் உறுப்பினர்கள் அந்தக் கேள்வியை எழுப்ப வேண்டும்.